மகளின் கூடைப்பந்தும் வீட்டுச் செலவும்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு வெளியூர் செல்கிறாள். செலவு கைமீறுகிறது, நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், அம்மா. பணத்தைப் பெரிதும் விழுங்குவது பயணமே என்பதால், பெற்றோர் சேர்ந்து ஒரே வேன் அமர்த்தி, துணைக்கு முறைவைத்துச் சென்றால், வண்டிச் செலவோடு கூலி இழப்பும் குறையும். பந்து பெண்களுக்குரிய 6ஆம் எண்ணாக இருக்கட்டும். ஆண்களுக்குரிய 7ஆம் எண் பந்து அவள் கைக்குப் பெரிது. காலணியை மட்டும் இரவல் வாங்காதீர்கள்: தேய்ந்த அடிப்பாகம் திரும்பும்போது வழுக்கி, கணுக்கால் பிசகும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிக்குத் தேர்வானால் தங்குமிடம், உணவு, பயிற்சி யாவும் இலவசம் என்பதால், அடுத்த சேர்க்கை குறித்து அண்ணா விளையாட்டரங்கிலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இப்போதே விசாரியுங்கள்.