அந்த ஏகாரம் யாருடையது?

கேள்வி: வயது 33. மாதம் 16,000 ரூபாய் வாடகை வீணாகப் போகிறது. ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடத்தில் ஒரு புது ஃபிளாட், 65 லட்சம் சொல்கிறார்கள். 50 லட்சம் கடன் கிடைக்கும். இப்போதே வாங்கலாமா, இரண்டு வருடம் பொறுக்கலாமா? (ஒரு வாசகர், குரோம்பேட்டை)

பதில்: 'பத்தே' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஏகாரம் உங்களுடையதா, பில்டருடையதா? பள்ளிக்கூடத்தில் தேற்றேகாரம், பிரிநிலை ஏகாரம் என்று படித்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். மறக்காமல் காப்பாற்றி வருபவர்கள் ரியல் எஸ்டேட்காரர்கள்தான். பத்தே நிமிடம், சில வீடுகளே, இன்றே முந்துங்கள். தமிழ் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, உங்களைப் போலவே.

எங்கள் விளம்பரப் பிரிவு மேனேஜருக்கும் எனக்கும் இதில் பழைய தகராறு உண்டு. ஒருமுறை 'பத்தே நிமிடம்' என்று ஒரு விளம்பரம் வந்தது. நானே போய் நடந்து பார்த்தேன். 27 நிமிடம், அதில் ஒரு நாய்க்காக நின்றது மூன்று. ஏகாரத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று சண்டை போட்டேன். எடுத்துவிட்டார். அடுத்த இதழில் 'வெறும் பத்து நிமிடம்' என்று வந்தது.

2016-ல் வந்த ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், சுவருக்குள் புழங்கும் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. மாடிப்படியில் பங்கு, லிஃப்டில் பங்கு என்று சதுர அடியை ஊதிய காலம் ஓரளவு போனது. நிமிடத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு பில்டரின் மேனேஜர் காரில் போகும் நிமிடமும் நிமிடம்தான்.

சரி, உங்கள் கேள்வி. 50 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை சுமார் 43,400. முதல் மாதம் அதில் 35,400 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது சுமார் எட்டாயிரம். 16,000 வாடகை வீண் என்கிறீர்கள், இந்த 35,400-க்கு என்ன பெயர் வைப்பீர்கள்? வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. பாக்கி 15 லட்சமும் பத்திரச் செலவும் உங்கள் சேமிப்பா, மனைவியின் நகையா? அதெல்லாம் கொடுத்த பிறகும் ஆறு மாதத் தவணைக்குப் பணம் பாங்கில் மிஞ்சுமா? பத்து வருடமாவது அந்தப் பக்கம்தான் வேலை, பிள்ளை படிப்பு என்று தெரியுமா? மூன்றுக்கும் தெம்பாகப் பதில் சொல்ல முடிந்தால் வாங்குங்கள், விலை இறங்கட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒன்று இடித்தாலும் குரோம்பேட்டையிலேயே இருங்கள். யூடிஎஸ், அதாவது மண்ணில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷனுக்கு நடங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

விளம்பர மேனேஜர் மேற்கு மாம்பலத்தில் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கிறார். ஆபீசுக்கு நடந்தே வருகிறார். எத்தனை நிமிடம் என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.