பத்து டாலரும் ஐந்து டாலரும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்தது, அடிமைமுறை பின்னால் ஒட்டவைக்கப்பட்ட காரணம் என்று ஓர் உரையில் கேட்டேன். மாநில சுயாட்சியை நம்பும் எனக்கு அது நியாயமாகப் பட்டது. அந்தந்தப் பகுதி மக்களே அடிமைமுறை பற்றி முடிவுசெய்யட்டும் என்ற 1854ஆம் ஆண்டின் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தில் என்ன பிழை? லிங்கனும் வெறும் அரசியல்வாதிதானே?

அன்புள்ள நண்பருக்கு,

லிங்கனை விட்டுவிடுவோம், ஒருவரின் மனத்தூய்மையை அளந்து ஒரு போரின் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கான்சஸில் முடிவுசெய்யும் 'மக்கள்' யார் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அடிமைகளுக்கு வாக்கில்லை, அடிமைமுறை நிலவிய பக்கத்து மாநிலமான மிசூரியிலிருந்து ஆயுதங்களோடு எல்லை தாண்டி வந்தவர்களோ 1855இல் கள்ளவாக்குப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

உங்கள் கடிதம் என்னை உறுத்தியதற்குக் காரணம் வேறு. கல்லூரியில் எனக்கும் மாநில உரிமை என்றே சொல்லித் தந்தார்கள். அதையே தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். பல ஆண்டுகள் கழித்து 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிடிபட்டவர் தம் தரப்பைச் சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. அவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் விசாரிக்கும் ஆணையருக்குப் பத்து டாலர், விடுவித்தால் ஐந்து டாலர். அடைக்கலம் தந்தவருக்கு ஆயிரம் டாலர்வரை அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும் காத்திருந்தன.

இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது அடிமைமுறை நிலவிய தெற்கு. வடமாநிலங்களின் மீது அதைச் சுமத்தியது மத்திய அரசு. 1854இல் பாஸ்டனில் அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞரை, ஊரே திரண்டு எதிர்த்தும், படைவீரர்களின் காவலில் துறைமுகத்துக்கு நடத்திச் சென்று வர்ஜீனியாவுக்குக் கப்பலேற்றினார்கள். விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் இச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்றது. கூட்டாட்சியின் உச்ச நீதிமன்றம் 1859இல் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. மாநில உரிமை பேசியது அங்கே விஸ்கான்சின்தான் என்பதை உங்கள் உரையாளர் சொன்னாரா?

சுயாட்சியின் மீது உங்களுக்குள்ள பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் அந்த நல்ல சொல்லை இவ்வளவு மலிவாக யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளாதீர்கள் என்று கடிந்துகொள்கிறேன். தென் கரோலினா மாநிலம் 1860 டிசம்பரில் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படியுங்கள். தப்பிவந்தவர்களைத் திருப்பித் தராதபடி வடமாநிலங்கள் தங்களுக்கென்று சட்டம் இயற்றிக்கொண்டன என்பதே அதில் அவர்கள் அடுக்கும் முக்கியமான குற்றச்சாட்டு. படித்து முடித்ததும் மீண்டும் எழுதுங்கள்.