சாரதி இல்லாத வாகனமும் நம்மூர் ஆஸ்பத்திரியும்: கேள்வி பதில்

தானாக ஓடும் வாகனங்கள் வைத்தியத்தையும் வியாபாரத்தையும் எப்படி மாற்றும் என்று கேட்கலாம் என அறிவித்திருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்கு ஊர் திருகோணமலை உப்புவெளி, தொழில் வாகனங்களை நிர்வகிக்கும் மென்பொருள். டொக்டர் இல்லை. ஆகவே முழங்கால் வலிக்கு மருந்து கேட்ட இருவரும் மன்னிக்கவும்.

மூதூர் ஆசிரியை: இது உண்மையில் எங்காவது ஓடுகிறதா, இல்லை வீடியோவில் மட்டும்தானா?

ஓடுகிறது, ரீச்சர். வேமோ நிறுவனம் 2020 ஒக்டோபரிலிருந்து அமெரிக்காவின் பீனிக்ஸ் பகுதியில் சாரதி ஆசனம் காலியாக இருக்க, காசு கொடுக்கும் பொதுமக்களை ஏற்றுகிறது. அப்புறம் சான் பிரான்சிஸ்கோ, லொஸ் ஏஞ்சலிஸ் என்று விரிந்தது. சீனாவின் வூஹானில் பைடு நிறுவனம் ஓட்டுகிறது. ஆனால் எல்லாமே எல்லை கட்டிய ஓட்டம். முன்கூட்டியே நுணுக்கமாக வரைபடம் எடுத்த தெருக்களில் மட்டும் ஓடும். குழம்பி நின்றால் தூரத்தில் ஓர் அறையில் இருக்கும் ஆள் உதவுவார். கடைகளில் வாங்கக்கூடிய கார்களில் "தானாக ஓடும்" என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் வேறு சாமான். அதில் பொறுப்பு முழுக்க ஸ்டியரிங்கில் இருப்பவருக்குத்தான்.

கந்தளாய் லொறிச் சாரதி: ஹபரணைப் பக்கம் இரவில் யானை நிற்கும். கம்பியூட்டருக்கு யானை தெரியுமா?

தெரியும் அண்ணை. லைடார் என்ற கருவி தன்னுடைய ஒளியையே வீசித் தூரம் அளப்பதால் கும்மிருட்டிலும் முன்னால் பெரிய உருவம் நிற்பதைக் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகுதான் சிக்கல். நீங்கள் என்ன செய்வீர்கள்? தூரத்திலேயே நிறுத்தி, ஹெட்லைட்டைத் தணித்து, குட்டி இருக்கிறதா, காது விரிகிறதா என்று பார்த்து, தேவையானால் பின்னுக்கு எடுப்பீர்கள். இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் பழக்கமாகச் செய்வது ஒன்றுதான், நிற்பது. யானை முன்னால் வெறுமனே நிற்பது எல்லா நேரமும் நல்ல யோசனை இல்லை.

இப்படி ஒன்று முன்பே நடந்திருக்கிறது. வொல்வோ தன் விலங்கு கண்டறியும் முறையைச் சுவீடனின் கடமான்களை வைத்துப் பழக்கியது. அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனபோது கங்காரு அதைக் குழப்பிவிட்டதாக 2017இல் நிறுவனமே சொன்னது. தூரத்தைக் கணிக்க அந்த முறை தரையை ஆதாரமாக எடுத்தது. கங்காரு துள்ளி மேலே எழும்பும்போது அது தூரத்தில் நிற்பதுபோலத் தெரிந்ததாம். நம்ம ரவுணுக்குள் கோர்ன் அடித்தாலும் அசையாமல் நிற்கும் மான்களை எந்த நிறுவனம் இன்னும் பாடத்தில் சேர்த்திருக்கிறதோ!

தாதி ஒருவர்: நோயாளிக்கு இதால் என்ன லாபம்? அம்புலன்ஸ் சாரதி இல்லாமல் ஓடுமா?

இந்தக் கேள்விதான் முக்கியம் என்பதால் நீட்டிச் சொல்கிறேன்.

அம்புலன்ஸ் கடைசியாகத்தான் மாறும், மாறவும் தேவையில்லை. 1990 என்ற நம்பருக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சாரதி வெறும் சாரதி இல்லை. ஸ்ட்ரெச்சரின் மற்றத் தலைப்பைப் பிடிப்பவர் அவர். ஒழுங்கைக்குள் வண்டி போகாவிட்டால் இறங்கி ஓடுபவரும் அவர்தான். அவரை எடுத்துவிட்டால் நோயாளியைத் தூக்க இன்னோர் ஆள் வேண்டும். மிச்சம் என்ன?

டயலிசிஸ் நோயாளிக்கும் இதே கதை. வழக்கமாக வாரத்துக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணித்தியாலம். போகும்போது நடந்து போகிறவர் முடிந்து வரும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றி நிற்பார். அவருக்குக் கதவு தானாகத் திறப்பது உதவியே இல்லை, தோளில் ஒரு கைதான் வேண்டும்.

அப்படியென்றால் லாபம் எங்கே? ஆளை விட்டுச் சாமானைப் பாருங்கள். ரத்த மாதிரி, மருந்து, தடுப்பூசி, ரத்தப் பை. இவற்றைத் தூக்கிவிடத் தேவையில்லை, பயப்படாது, பேச்சுத் துணையும் கேட்காது. நேரம் பிந்துவதுதான் இவற்றுக்கு எதிரி. ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒருவரிடம் காலையில் எடுத்த ரத்தம், வாகனம் கிடைக்கும்வரை பெட்டியிலேயே இருக்கிறது என்று வையுங்கள். செல்களைப் பிரிக்காமல் வைத்தால் அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், பொட்டாசியத்தை வெளியே விடும். பின்னேரம் ஆய்வுகூடத்துக்குப் போகும்போது சீனி குறைவாகவும் பொட்டாசியம் கூடுதலாகவும் காட்டும். ஆளுக்கு ஒன்றுமில்லை, போய்ச் சேர்ந்த நேரம்தான் பிழை. உங்களுக்கு இது தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

ஒரு நாளில் ஒரு தடவை போகும் வான், ஆள் செலவில்லாமல் பல தடவை போகுமென்றால் மாறப்போவது இந்த இடம். உலகத்தில் தொடங்கியதும் இப்படித்தான். 2020 மார்ச்சில் புளோரிடாவின் ஜக்சன்வில்லில் உள்ள மயோ கிளினிக், கொரோனா பரிசோதனை மாதிரிகளைத் தானியங்கிச் சிறு பஸ்களில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. வளாகத்துக்குள்ளேயே, ஆள் நடமாட்டம் தடுக்கப்பட்ட பாதையில், பின்னால் கண்காணிக்க ஒரு வாகனத்தோடு. ருவாண்டாவில் சிப்லைன் நிறுவனம் 2016இலிருந்து ட்ரோனில் ரத்தம் அனுப்புகிறது. மலைநாட்டு ரோட்டைத் தாண்ட ரோட்டையே விட்டுவிட்டார்கள். வெருகல் பக்கம் வெள்ளம் வரும் நாட்களுக்கு எனக்கு இந்தக் கடைசி வழிதான் பொருத்தமாகப் படுகிறது. சில்லு வைத்த எதுவும் வெள்ளத்துக்குள் நிற்கத்தான் போகிறது.

கிண்ணியா பார்மசி உரிமையாளர்: மருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இந்த ரோபோ வண்டி வாங்கலாமா?

வேண்டாம் நானா. மோட்டார் சைக்கிளில் போகும் பெடியன் மலிவு. வீட்டில் உம்மாவிடம் எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லியும் வருவான்.

வான் உரிமையாளர், பாலையூற்று: லீசிங்கில் ஹயஸ் எடுத்திருக்கிறேன். கிளினிக் ஹயர்தான் வருமானம். என் பிழைப்பு போகுமா?

உங்கள் லீசிங் முடியும்வரை போகாது. காரணம் கணக்குத்தான். பணக்கார நாடுகளில் டாக்சிச் செலவில் பெரும்பங்கு சாரதியின் சம்பளம். அதை வெட்டினால் லாபம் என்றுதான் இவ்வளவு காசைக் கொட்டுகிறார்கள். உங்கள் கொப்பியைப் பாருங்கள். டீசல், டயர், லீசிங், பிறகுதான் உங்கள் கூலி. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க, லைடாரும் கமராவும் கம்பியூட்டரும் பூட்டிய வண்டியை யார் இங்கே இறக்குவார்?

ஆனால் வியாபாரத்தை இப்போதே ஒருதரம் பிரித்துப் பார்ப்பது நல்லது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியை ஏற்றுகிறீர்கள். இரவில் வெளிக்கிட்டு, விடிய நம்பர் எடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த கேட், எங்கே வரிசை, சிங்களத்தில் என்ன கேட்பது, பிளேன்ரீ எங்கே கிடைக்கும், எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பம் காசு கொடுப்பது 260 கிலோமீற்றருக்கு மட்டும் இல்லை. இப்போது அந்த உதவியை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஓட்டத்துக்கு மட்டும் காசு வாங்குகிறீர்கள். "கூட்டிப்போய்க் காட்டிக் கூட்டிவருவேன்" என்று தனியாக விலை சொல்லுங்கள். ஓட்டத்தின் விலை ஒருநாள் இறங்கலாம், அந்த உதவியின் விலை இறங்காது.

சீனக்குடாவில் வேலை செய்பவர்: இலங்கையில் முதலில் எங்கே வரும்?

வேலிக்கு உள்ளே. துறைமுகம், ஆலை வளவு, களஞ்சியம். அங்கே யானையும் இல்லை, ஆட்டோவும் இல்லை. அவுஸ்திரேலியாவின் பில்பராச் சுரங்கங்களில் ரியோ டின்ரோ 2008இலேயே சாரதியில்லாப் பெரிய லொறிகளைத் தொடங்கிவிட்டது. பொது ரோட்டில் அரோரா நிறுவனம் டெக்ஸாஸின் டலஸுக்கும் ஹியூஸ்டனுக்கும் இடையே சாரதியில்லா லொறி விட்டது 2025இல்தான். அதுவும் கொஞ்ச நாளிலேயே, லொறி தயாரித்த நிறுவனம் கேட்டதால், முன் ஆசனத்தில் ஒரு ஆளைத் திரும்ப இருத்தவேண்டி வந்தது. இரண்டுக்கும் இடையே 17 வருடம். உங்கள் முதலாளி கேட்டால் இந்த இடைவெளியைச் சொல்லுங்கள்.

சட்ட மாணவி: மோதினால் யார் பொறுப்பு?

பிரித்தானியா 2018இல் ஒரு சட்டம் போட்டது. தானாக ஓடும்போது விபத்தென்றால் பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கொடுக்க வேண்டும், பிறகு அது தயாரிப்பாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். காயப்பட்டவர் மென்பொருள் கம்பனியோடு வழக்காடத் தேவையில்லை என்பதால் எனக்கு இது பிடித்த ஏற்பாடு. நம்முடைய மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டையது, லைசன்ஸ் வைத்த சாரதி ஒருவர் இருப்பார் என்ற நினைப்பிலேயே எழுதப்பட்டது.

வியாபாரம் படிப்பவர்கள் சாரதியில்லா டாக்சி ஓட்டிய குரூஸ் நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். 2023 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண், குரூஸ் காரின் முன்னால் விழுந்தார். மோதி நின்ற கார், ஓரங்கட்டுவதற்காக மறுபடி நகர்ந்து அவரைச் சுமார் 6 மீற்றர் இழுத்துச் சென்றது. இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகளுக்கு முழுதாகச் சொல்லவில்லை என்பதும் சேர்ந்து, அனுமதி போனது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸ் ரோபோ டாக்சிக்குக் காசு போடுவதையே நிறுத்தியது.

மருத்துவ மாணவர்: விபத்துக் குறைந்தால் விபத்துப் பிரிவு காலியாகுமா?

உலகில் வருடத்துக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் வீதி விபத்தில் சாவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் நம் வாட்டில் படுத்திருப்பவர்களில் எத்தனை பேர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் என்று பாருங்கள். தானாக ஓடும் கார் அவர்களை இடிக்காமல் இருக்கலாம், மதகில் தானாகப் போய் விழுவதைத் தடுக்காது. ஹெல்மெற் வாரைப் பூட்டினாலே அதைவிடக் கூட உயிர் மிஞ்சும்.

கனடாவிலிருந்து ஒரு மகள்: அம்மா உவர்மலையில் தனிய இருக்கிறா. இங்கிருந்து போனில் கார் பிடித்துக் கிளினிக்குக்கு அனுப்பும் காலம் வருமா?

கார் பிடித்து அனுப்புவதை இப்போதே செய்யலாம் அக்கா, சாரதியோடு. சாரதி இல்லாத கார் வந்தாலும் அது வாசல் கேட்டோடு நின்றுவிடும். வீட்டுப் படி, கிளினிக் கொப்பி, மருந்து வரிசை எல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கின்றன. அம்மாவுக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள். கிளினிக் திகதிகளை அவருக்கு அனுப்பி, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து மாதக் கணக்காகப் பேசிக்கொள்ளுங்கள். மருந்துச் சிட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்புவார்.