செவிநரம்புக்கு வெளிச்சம்: கேள்வி பதில்

காக்ளியர் இம்ப்ளாண்ட் (செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டும் உள்காதுக் கருவி) வைத்த என் அப்பாவுக்குப் பேச்சு புரிகிறது. பாட்டு மட்டும் ஏன் இரைச்சலாகக் கேட்கிறது?

காக்ளியா என்ற உள்காதின் நத்தைச் சுருளுக்குள் இருப்பது உப்புத் திரவம். அதில் மின்சாரம் விட்டால் விட்ட இடத்தில் நிற்காது, பரவும். கருவியில் 12 முதல் 22 எலெக்ட்ரோடுகள் (மின்சாரம் விடும் முனைகள்) வரை இருக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்து எலெக்ட்ரோடுகள் ஒரே நரம்பிழைகளைத் தட்டிவிடுவதால், தனித்தனியாக உதவுபவை பெரும்பாலும் பத்துக்குள்தான். ஆர்மோனியக் கட்டைகளை உள்ளங்கையால் அழுத்துவது மாதிரி. அமைதியான அறையில் பேச்சுக்கு இது போதும். கல்யாண மண்டபத்தில் பேச்சும் தடுமாறும். அதனால்தான் மின்சாரத்துக்குப் பதில் வெளிச்சத்தால் செவிநரம்பைத் தூண்ட ஆராய்ச்சியாளர்கள் முயல்கிறார்கள்.

நரம்புக்கு எப்படி வெளிச்சம் தெரியும்?

தெரியாது. அந்தத் திறமையைப் பாசியிடம் கடன் வாங்குகிறார்கள். கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசி வெளிச்சத்தைப் பார்த்து நீந்தும். அதற்கு உதவும் புரதம் சேனல்ரோடாப்சின். நீல ஒளி பட்டால் கதவு மாதிரித் திறந்து அயனிகளை உள்ளே விடும். இதன் மரபணுவை, நோய் தராதபடி மாற்றிய வைரஸில் ஏற்றிக் காக்ளியாவுக்குள் செலுத்துகிறார்கள். அப்புறம் அந்த நரம்பு செல்லில் ஒளி பட்டாலே துடிப்பு கிளம்பும். ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கலாம், அதனால் உள்ளங்கைக்குப் பதில் விரல்நுனி. ஜெர்மனியின் கோட்டிங்கனில் தோபியாஸ் மோசர் குழு 2014-ல் சுண்டெலிகளிடம் இதைக் காட்டியது. 2018-ல் செவிடாக்கப்பட்ட ஜெர்பில்கள் (எலி மாதிரிச் சிறு விலங்குகள்) காக்ளியாவில் விழுந்த ஒளியை உணர்ந்து, பழக்கியபடியே நடந்துகொண்டன. எனக்கு நம்பிக்கை வந்தது இந்த இரண்டாவது சோதனையில்தான்.

மரபணுவை மாற்றாமல், அகச்சிவப்பு லேசரை மட்டும் அடித்தால்?

முயன்றார்கள். அது சூட்டால் வேலை செய்கிறது. ஆனால் திடீரெனச் சூடாகும் திரவம் விரிந்து தானே ஒரு 'டிக்' சத்தம் எழுப்பும். காக்ளியாவில் ஒலியை உணரும் மயிர்செல்களில் மிச்சமிருப்பவை அதைக் கேட்டிருக்கலாமே! முழுச் செவிட்டு விலங்குகளில் சில குழுக்களுக்கு எந்தப் பதிலும் கிடைக்கவில்லை. நான் இந்தப் பக்கம் பந்தயம் கட்ட மாட்டேன்.

அப்படியானால் தடை என்ன?

வேகம். செவிநரம்பு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை துடிக்கும். பழைய சேனல்ரோடாப்சின் கதவை மூடவே நேரம் எடுக்கும். அதனால்தான் க்ரோனோஸ், எஃப்-க்ரிம்சன் என்று சுறுசுறுப்பான வகைகள் வந்தன. பின்னது சிவப்பு ஒளிக்கு வேலை செய்யும். சிவப்பு திசுவுக்குள் நன்றாக ஊடுருவும். இன்னொன்று, பேட்டரி: ஒளியால் தூண்டுவது, மின்சாரத்தால் தூண்டுவதைவிட அதிகம் தின்னும்.

பையனுக்கு இரண்டு வயது, இரண்டு காதும் கேட்காது. ஒளிக் கருவி வரும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். முதல் சில ஆண்டுகளில் ஒலி போய்ச் சேராவிட்டால் பின்னால் பேச்சு வருவது ரொம்பக் கஷ்டம். டாக்டர் சரி என்றால் இப்போதிருக்கும் கருவியையே வையுங்கள், ஸ்பீச் தெரபியை விடாதீர்கள்.