இரவில் இரைவது மெஷினா, மாஸ்க்கா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், நுரையீரல் நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, தர்மபுரியில் வசிக்கும் நம் வாசகி. தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்களின் வீடுகளுக்கே போய், சிபாப் மெஷினின் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி) மாஸ்க்கை மாட்டப் பழக்கிவிடுகிறார்.

கேள்வி: சிஸ்டர், வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 51 வயது. மாம்பழக் கூழ் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பகலில் ஸ்டீயரிங் பிடித்தபடியே கண் சொக்குகிறது என்றதால் தூக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்கு 42 முறை மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். பிரஷரைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் மெஷின். குறட்டை அடியோடு நின்றுவிட்டது. ஆனால் இப்போது மெஷின் சத்தம். முன்னிரவில் ஒன்றும் தெரிவதில்லை. 3 மணிக்கு மேல் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போலச் சீறுகிறது. கூடத்தில் படுக்கும் மாமியாருக்கே கேட்கிறது. நான் தூங்காமல் எழுந்து உட்கார்ந்தால், அவருக்கு மனசு கேட்காமல் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறார். மெஷினை அடுத்த அறையில் வைக்கலாமா? போர்வையால் மூடலாமா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் போதாதா?
— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா: போதாது. மெஷின் நோயைக் குணப்படுத்துவதில்லை. காற்றழுத்தத்தால் தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மாஸ்க்கைக் கழற்றிய இரவில் அந்த 42 தடைகளும் பழையபடி வந்துவிடும். மணிக்கு 30-க்கு மேல் போனாலே அதைக் கடுமையான நிலை என்கிறோம். கூழ் ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் போகிறவர் தொப்பூர் கணவாயில்தான் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே நடக்கும் விபத்துகளுக்கெல்லாம் தூக்கம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரவெல்லாம் மூச்சுக்குத் திணறிய ஒருவர் மறுநாள் அங்கே ஸ்டீயரிங் பிடிப்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் தூக்கம் கெடக்கூடாது என்று அவர் கழற்றுகிறார், நல்ல மனசு. ஆனாலும் கழற்ற விடாதீர்கள். சத்தத்தை நிறுத்த வழி இருக்கிறது.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மெஷின் மோட்டார்தான் இரைகிறது என்றால் படுத்ததிலிருந்தே கேட்க வேண்டும். இப்போது வரும் மெஷின்களின் இரைச்சல் சுமார் 25 முதல் 30 டெசிபல். மெல்லிய கிசுகிசுப்பு அளவு. முழு வேகத்தில் சுற்றும் சீலிங் ஃபேன் அதைவிட அதிகமாக இரையும். 3 மணிக்கு மேல் சீறுகிறது என்றால், மாஸ்க் விளிம்பில் எங்கோ காற்று கசிகிறது.

ஏன் அந்த நேரத்தில்? கனவு வரும் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம். அப்போது உடம்புத் தசைகள் தளர்ந்துவிடும், தொண்டை இன்னும் குறுகும். மல்லாந்து படுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். தடை கூடுவதை மெஷின் கண்டுபிடித்துப் பிரஷரைக் கூட்டும். இந்த மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை தரக்கூடியவை. 7-இல் சும்மா இருந்த மாஸ்க் விளிம்பு 12-இல் தூக்கிக்கொள்ளும். அதோடு, தூக்கத்தில் புரண்டு படுத்ததில் கன்னம் தலையணையில் அழுந்தி மாஸ்க்கும் நகர்ந்திருக்கும்.

விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆளை நாற்காலியில் உட்கார வைத்து மாட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. உட்கார்ந்திருக்கும் முகம் வேறு, படுத்திருக்கும் முகம் வேறு. படுத்தால் கன்னச் சதை காதுப் பக்கம் சரியும், அங்கே இடைவெளி விழும். ஆகவே இன்றிரவு அவரைப் படுக்க வைத்து, மெஷினை ஓடவிட்டு மாஸ்க்கை மாட்டுங்கள். பல மெஷின்களில் மாஸ்க் பொருத்தத்தைச் சோதிக்கவென்றே ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டால் சிறிது நேரம் பிரஷரைக் கூட்டிக் காட்டும். உங்கள் புறங்கையைத் தண்ணீரில் நனைத்து மாஸ்க் ஓரமாகவே மெதுவாகக் கொண்டுபோங்கள். மூக்குத் தண்டின் மேல்முனை, இரண்டு கன்னம், மேலுதடு. கசியும் இடம் வந்ததும் ஈரக் கையில் ஜில்லென்று படும். அங்கே மாஸ்க்கை ஒரு முறை முகத்திலிருந்து மெல்ல இழுத்து, காற்று நிரம்பிய நிலையிலேயே திரும்பப் பதிய விடுங்கள். மடங்கிக் கிடந்த சிலிக்கோன் விளிம்பு விரிந்து உட்காரும். பிறகு இடது, வலது என்று ஒருக்களிக்கச் சொல்லி அதே சோதனை.

பட்டையை மட்டும் இறுக்காதீர்கள். சத்தம் வந்தால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். இறுக்க இறுக்க விளிம்பு நசுங்கிக் கசிவு கூடும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும்.

நம் ஊர் ஆண்களிடம் நான் பார்க்கிற இரண்டு காரணங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று மீசை. அடர்ந்த மீசை மேல் மாஸ்க் விளிம்பு உட்கார்ந்தால் முடிக்கு நடுவே காற்று கசியாமல் இருக்காது. மீசையை எடுக்கச் சொன்னால் அவர் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். மூக்குத் துவாரத்திலேயே பொருந்தும் சிறிய மாஸ்க் இருக்கிறது; மீசை மேல் உட்காராது. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மற்றொன்று தேங்காய் எண்ணெய். தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தால் பட்டை வழுக்கும், சிலிக்கோன் தளரும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கட்டும். தலைக்கு எண்ணெய் காலையில் வைத்துக்கொள்ளட்டும். மாஸ்க்கின் முகத்தில் படும் பகுதியைத் தினமும் காலையில் மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பட்டையை வாரம் ஒரு முறை துவைத்தால் போதும்.

மாஸ்க்கின் முன்புறம் பொடிப் பொடியாகத் துளைகள் இருக்கும். அதிலிருந்து எப்போதும் சிறிது காற்று வரும். அவர் வெளிவிடும் கரியமில வாயு போகும் வழி அது. சத்தம் என்று அதில் பிளாஸ்டர் ஒட்டிவிடாதீர்கள். ஆபத்து! போர்வை நுனியோ தலையணை விளிம்போ அந்தத் துளைமேல் பட்டாலும் விசில் மாதிரிச் சத்தம் வரும், அதையும் கவனியுங்கள். துளைக் காற்று நேரே உங்கள் முகத்தில் அடிக்கிறது என்றால், படுக்கும் பக்கத்தை இருவரும் மாற்றிப் பாருங்கள்.

சீறல் இல்லாமல் பொரபொரவென்று வந்தால் வாய் திறந்து காற்று வெளியேறுகிறது என்று பொருள். காலையில் அவருக்கு நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொள்கிறதா என்று கேளுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு மருத்துவம் வேண்டும். இல்லையென்றால் தாடைப் பட்டையோ வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கோ டாக்டர் சொல்வார்.

மெஷின் வைக்கும் இடத்தையும் பாருங்கள். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று கூப்பிட்டார்கள். மெஷினை இரும்பு பீரோ தலைமேல் வைத்திருந்தார்கள். பீரோக் கதவில் கை வைத்தால் விரல் நுனியில் நடுக்கம் தெரிந்தது. உள்ளே தொங்கிய சாவிக்கொத்து கூட மெல்லக் கிணுகிணுத்தது. இறக்கி, மர ஸ்டூலில் பழைய ரப்பர் மிதியடித் துண்டு போட்டு வைத்ததும் அந்த வீடு அமைதியானது. கட்டில் உயரத்துக்குக் கீழே, சுவரில் முட்டாமல், அவர் படுக்கும் பக்கம் வையுங்கள். போர்வையால் மூடாதீர்கள். காற்று இழுக்கும் வழி அடைபட்டால் மோட்டார் சூடேறும், சத்தமும் கூடும். பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவதும் அப்படித்தான்.

அடுத்த அறை யோசனை புதிதல்ல. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை லான்செட் மருத்துவ இதழில் எழுதியது 1981-இல். அன்றைய மோட்டார்கள் வேக்குவம் கிளீனர் மாதிரி இரைந்தவை. அவற்றோடு ஒரே அறையில் தூங்குவதே பெரும்பாடு. இன்றைய மெஷினுக்கு அது தேவையில்லை. வழக்கமான டியூப் சுமார் 1.8 மீட்டர். 3 மீட்டர் டியூபும் கிடைக்கிறது. அதைப் போட்டு மெஷினைக் கட்டிலின் கால்மாட்டுக்குத் தள்ளலாம், ஆனால் பொருத்துகிறவரிடம் சொல்லி மெஷின் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு டியூபை நீங்களாக ஒட்டுப்போட்டு நீட்டாதீர்கள்.

காற்று வடிகட்டியையும் எடுத்துப் பாருங்கள். நெடுஞ்சாலைத் தூசியும் கிரானைட் தூசியும் பறக்கிற ஊர் நம்முடையது. வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பல் நிறமாகியிருந்தால் மோட்டார் முக்கிக்கொண்டு ஓடும். அதைக் கழுவாதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.

இவ்வளவும் சரியாகும் வரை நீங்கள் தூங்க வேண்டாமா? மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற நுரைக் காதடைப்பானை வைத்துக்கொள்ளுங்கள், தவறே இல்லை. மாமியாருக்கும் ஒரு ஜோடி. காலையில் மெஷின் திரையில் கசிவு அளவைக் காட்டும். அதை ஒரு நோட்டில் குறித்துவைத்து அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷரை மட்டும் உங்கள் இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள்.

கேள்வி: ஆறு மாதமாக சிபாப் பயன்படுத்துகிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து டியூபில் களகளவென்று சத்தம். சில நேரம் மூக்கில் தண்ணீரே தெறிக்கிறது. மெஷின் கெட்டுவிட்டதா?
— 34 வயது வாசகர், ஓசூர்

பதில்: கெடவில்லை தம்பி, குளிர்தான் காரணம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெஷினின் நீர்த்தொட்டியிலிருந்து சூடாகக் கிளம்பும் ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் போகும்போது நீர்த்துளியாகிறது. டியூப் எங்கே தொய்ந்து கிடக்கிறதோ அங்கே தண்ணீர் சேர்ந்து, காற்று அதைக் கிளப்பிக்கொண்டு போகிறது. ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள். மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். தண்ணீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும். பழைய பருத்திப் புடவைத் துணியில் நீளப் பை தைத்து டியூபுக்கு உறையாகப் போடலாம், அல்லது டியூபைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளலாம். அதிலும் அடங்கவில்லை என்றால் சூடேற்றும் கம்பி பொதிந்த டியூப் இருக்கிறது. உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். காலையில் டியூபைக் கழற்றிக் கொடியில் தொங்கவிடுங்கள்.

தொட்டிக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. உப்பு நீர் ஊற்றினால் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். காய்ச்சினாலும் உப்பு போகாது. மருந்துக் கடையில் வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) கேளுங்கள். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர் மலிவுதான், ஆனால் மனிதர் சுவாசிக்கவென்று தயாரித்ததல்ல.

கேள்வி: என் அண்ணனுக்காகப் பழைய சிபாப் மெஷின் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. கொஞ்சம் இரைகிறது. வாங்கலாமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: இரைகிறது என்று நீங்களே சொல்கிறீர்களே, அந்த மெஷினை விட்டுவிடுங்கள். மோட்டார் தேய்ந்திருக்கலாம், உள்ளே தூசி அடைந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப் மெஷின்களில் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக உலகம் முழுக்க அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப் பஞ்சு நாளடைவில் உதிர்ந்து, துகள் மூச்சோடு போகக்கூடும் என்பதே காரணம். அந்த மாடல்கள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கலாம். எந்த நிறுவனத்தின் பழைய மெஷினாக இருந்தாலும், அடியில் உள்ள வரிசை எண்ணைத் தயாரித்த நிறுவனத்திடம் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் பல மெஷின்கள் திரையில் காட்டும். டியூபில் கருப்புத் துகள் தெரிந்தால் பேச்சே வேண்டாம்.

நல்ல மெஷினாகக் கிடைத்தாலும் மாஸ்க், டியூப், வடிகட்டி மூன்றும் புதிதாக வாங்க வேண்டும். மற்றவருக்கு வைத்த பிரஷர் உங்கள் அண்ணனுக்கு ஆகாது. டாக்டர்தான் மாற்றி அமைக்க வேண்டும். அண்ணனுக்குத் தூக்கப் பரிசோதனை செய்தீர்களா என்று எழுதவில்லை. செய்யவில்லை என்றால் மெஷினை விடுங்கள், முதலில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் மெஷின் பக்கம் 'உம்' என்று ஒரு சத்தம். ஏன்?
— வாசகர், அரூர்

பதில்: சத்தம் எங்கே என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள், பெரும்பாலும் அடாப்டரில் இருக்கும். உங்களுடையது ஸ்கொயர் வேவ் (மின்னலை சீராக வளையாமல் சதுரமாக வரும்) இன்வெர்ட்டராக இருக்கக்கூடும். அந்த மின்சாரத்தில் அடாப்டர் முனகும், சூடும் ஏறும். சிபாப்புக்கு, வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரே சரி. கரண்ட் இல்லாதபோது ஈரப்பதச் சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி இன்னும் நெடுநேரம் தாங்கும். இன்வெர்ட்டரும் தீர்ந்து மெஷின் நின்றுவிட்டால் மாஸ்க்கை உடனே கழற்றிவிடுங்கள். கரண்ட் வந்ததும், நேரம் 4 மணியே ஆனாலும், மறுபடி மாட்டிக்கொண்டு படுங்கள்.