வசூல் உள்ள திட்டமும் வசூல் இல்லாத திட்டமும்: வருவாய்ப் பத்திரம் பற்றிய கேள்வி பதில்

கொருக்குப்பேட்டை வாசகர்: ஐயா, வருவாய்ப் பத்திரம் என்பது மாநகராட்சி வாங்கும் மற்றக் கடன்களைப் போன்றதுதானா?

கடன்தான். முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கி, வட்டியோடு திருப்பித் தருவதாக எழுதிக் கொடுப்பதே பத்திரம். ஆனால் அது எந்தப் பணத்திலிருந்து அடைபடுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பொதுப் பத்திரத்துக்கு வரி வருவாய் முழுவதும் பொறுப்பாகும். வருவாய்ப் பத்திரத்துக்கோ அந்தத் திட்டம் ஈட்டும் கட்டணம் மட்டுமே பொறுப்பு. மதுரை மாநகராட்சி சுற்றுச்சாலைக்காக 2001-இல் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டபோது, சாலையின் சுங்க வசூலை நம்பியே முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். இத்தகைய ஏற்பாட்டில், சாவடியில் லாரி ஓட்டுநர் நீட்டும் நோட்டு பொதுக் கஜானாவுக்குப் போகாமல், எஸ்க்ரோ எனப்படும் தனிக் கணக்கில் விழுகிறது. வட்டியும் அசல் தவணையும் முதலில் எடுத்துவைக்கப்பட்ட பிறகுதான் மிச்சம் மாநகராட்சியின் கைக்கு வரும்.

திருவொற்றியூர் வாசகி: எங்கள் பகுதியில் கொசஸ்தலையாற்று வடிநில மழைநீர் வடிகால் வேலை நடக்கிறது. அதற்காகச் சென்னை மாநகராட்சி 2025-இல் 200 கோடி ரூபாய்க்கு வெளியிட்ட பத்திரமும் இந்த வகைதானா?

நல்ல கேள்வி, அம்மா. வடிகாலுக்குச் சாவடியும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. தெருவில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர் வடிந்துவிட்டால் அதற்கு யாரிடமும் பில் போட முடியாது. ஆகவே, தன் வசூலை மட்டும் நம்பி நிற்கும் வருவாய்ப் பத்திரமாக அதைக் கருத இயலாது. மாநகராட்சியின் சொந்த வருவாய்தான் அதை அடைக்க வேண்டும். வட சென்னையில் மிக அவசரமாகத் தேவைப்படும் வேலைகளில் பல இவ்வாறு வசூலற்றவை என்பதால், கட்டணம் வரும் திட்டங்களை மட்டுமே தேடிப் பத்திரம் போடும் நிர்வாகம் நம் பக்கம் திரும்பாமலே போய்விடும் என்ற கவலை எனக்கு உண்டு.

ராயபுரம் வாசகர்: எதிர்பார்த்த வசூல் வராவிட்டால் என்ன ஆகும்?

முதலீட்டாளர் பணத்தை இழக்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 4, 5 எண் கொண்ட அணு மின் நிலையங்களின் கட்டுமானம் பாதியில் கைவிடப்பட்டு, 1983-இல் 225 கோடி டாலர் பத்திரக் கடன் திருப்பித் தரப்படாமல் போனது.

எண்ணூர் வாசகி: குடிநீருக்காக இப்படிப் பத்திரம் போட்டால் எங்கள் கட்டணம் உயருமா?

உயரக்கூடும். வசூல் குறைந்தால் கட்டணத்தை உயர்த்துவோம் என்று பத்திர ஒப்பந்தத்திலேயே உறுதி அளிப்பது பல நாடுகளில் வழக்கம். ஆகவே, குழாய் பதிக்கும் தேதியைக் கேட்பதோடு நிற்காமல், அந்த உறுதிமொழியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் உங்கள் வார்டு உறுப்பினரிடம் பத்திரம் வெளியாவதற்கு முன்பே கேளுங்கள்.