மசில் பிரேக்கா, துளையிட்ட குழலா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொலராடோவில் எல்க் (பெரிய மான்) வேட்டைக்கு .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் வைத்திருக்கிறேன். மசில் பிரேக், துளையிட்ட குழல் இரண்டில் எது உதையை (சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுவதை) அதிகம் குறைக்கும்?

குழல்வாயில் மாட்டும் சிறு உலோகத் துண்டான மசில் பிரேக்தான். இந்தத் தோட்டாவில் 180 கிரெய்ன் (குண்டு, மருந்து ஆகியவற்றின் எடை அலகு) குண்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 70 கிரெய்ன் வெடிமருந்து எரிகிறது. அது வாயுவாகிக் குண்டைவிட வேகமாகக் குழல்வாயிலிருந்து பாய்வதால், துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளும் உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த வாயுவினுடையது. அதைத் தடுப்புகளில் மோதவிட்டுப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்புவதே பிரேக்கின் வேலை. நன்கு வடிவமைத்த பிரேக் உதையின் ஆற்றலில் 40 சதவீதம் வரை குறைத்துவிடும். குழலின் மேற்புறத்தில் வெட்டிய துளைகள் வாயுவை மேல்நோக்கி விடுவதால், குழல்வாய் எழும்புவதை நன்றாக அடக்குகின்றன. ஆனால் தோளில் விழும் அடி 10, 15 சதவீதம் குறைந்தாலே அதிகம்.

என் ரைஃபிள் மிகவும் உதைக்கிறது. பிரேக் போடலாமா?

எந்தத் தோட்டா, துப்பாக்கியின் எடை என்ன, பின்கட்டையின் நீளம் உங்களுக்குப் பொருந்துகிறதா என்பவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் எவராலும் பதில் சொல்ல இயலாது. விவரங்களுடன் மீண்டும் எழுதுங்கள்.

வேட்டையில் ஒரே ஒரு முறைதான் சுடுகிறேன். பிரேக் இருந்தாலும் காதுறை தேவையில்லை அல்லவா?

தேவை. ஒவ்வொரு வேட்டைப் பருவத்திலும் இதே கேள்வி வருகிறது. ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். பிரேக் இல்லாத வேட்டை ரைஃபிளின் சத்தமே 160 டெசிபெல் அளவில் இருக்கிறது. திடீர் ஓசையில் காதுக்கு ஆபத்து தொடங்கும் எல்லையாகக் கொள்ளப்படுவது 140. பிரேக் அந்த ஓசையை உங்கள் பக்கமே திருப்பி, காதருகே மேலும் 5 முதல் 10 டெசிபெல் வரை கூட்டுகிறது. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. உட்காதின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒரே வெடியோசையிலும் அவை அழியக்கூடும். உங்களுக்கு முன்னால், பக்கவாட்டில் நிற்கும் வழிகாட்டிக்கு நிலைமை இன்னும் மோசம். ஆப்பிரிக்காவில் தொழில்முறை வேட்டை வழிகாட்டிகள் பலர் பிரேக் பொருத்திய ரைஃபிளை ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம். துளையிட்ட குழலும் இதில் குற்றமற்றதன்று. காட்டின் சிறு ஓசைகளைப் பெருக்கி, வெடியோசையை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுறைகள் கிடைக்கின்றன; அவற்றின் உள்ளே நுரைச் செருகியையும் வைத்துக்கொள்ளுங்கள். உதையும் ஓசையும் சேர்ந்து குறைய வேண்டுமானால் சைலன்ஸர்தான் வழி; அமெரிக்காவில் அதை அனுமதிக்கும் மாநிலங்களிலும் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும்.

துளையிட்ட குழலைப் பழையபடி ஆக்க முடியுமா?

முடியாது. குழலை மாற்ற வேண்டும், அல்லது துளைகளுக்குப் பின்னால் வெட்டிக் குறுக்கிக் குண்டின் வேகத்தை இழக்க வேண்டும். பிரேக்கையோ கழற்றிவிட்டு மரைமூடி போடலாம். ஆனால் கழற்றினால் குண்டு விழும் இடம் மாறக்கூடும் என்பதால், ஸீரோவை (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்த அமைப்பை) சரிபார்க்காமல் வேட்டைக்குப் புறப்படாதீர்கள்.

நானே குழலில் மரை வெட்டிப் பிரேக்கை மாட்டினேன். உள்ளே குண்டு உரசிய தடம் தெரிகிறது. தொடர்ந்து சுடலாமா?

ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள். குழலின் வெளிப்புறமும் உள்துளையும் ஒரே அச்சில் இருக்கும் என்று நம்பி மரை வெட்டுவதன் விளைவு இது. பிரேக்கின் துளை குண்டைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் அகலம். சிறு கோணலும் குண்டைத் தடுப்பில் மோதவைக்கும். உள்துளையை அச்சாகக் கொண்டு மரை வெட்டத் தெரிந்த கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி செப்பனிடுபவரிடம்) கொடுங்கள். அளக்காமல் செய்வதற்கு இது கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் வேலையன்று.

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) 300 மீட்டர் ரைஃபிள் போட்டியில் எதை அனுமதிப்பார்கள்?

இரண்டையும் அனுமதிப்பதில்லை.

படுத்துச் சுடும்போது பிரேக் மண்ணைக் கிளப்பிக் கண்ணை மறைக்கிறது.

சுற்றிலும் துளையுள்ளதை வாங்கியிருக்கிறீர்கள். அடிப்புறம் மூடிப் பக்கவாட்டில் மட்டும் திறந்த பிரேக்கை மாட்டுங்கள். அருகில் படுத்திருப்பவருக்கும் காதுறை வேண்டும்.